ஆம்பூர்க்காரர் கேட்ட கத்தரிக்காய்

"நமக்கு ஆம்பூர்தாம்மா சொந்த ஊரு. போர்டைப் பார்த்தேன், கால் தன்னால உள்ளே வந்துடுச்சு."

பெரியவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கல்லாவில் நின்ற பர்சானாவின் கண் வாசலுக்குப் போனது.

வாசலில் தொங்கிய போர்டில் 'ஒரிஜினல் ஆம்பூர் பிரியாணி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கொடைக்கானல் பஜாரில் கடை வைத்து ஆறு வருஷம் ஆகிறது. அவளும் சரி, புருஷன் தமீம் அன்சாரியும் சரி, ஆம்பூரை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

முதலில் 'கன்னிவாடி பிரியாணி' என்று உண்மையைத்தான் எழுதி வைத்தார்கள். கன்னிவாடி எங்கே இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்த டூரிஸ்ட்டுகள், சாப்பிடப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். உண்மையை வைத்துக்கொண்டு உலையா வைக்க முடியும்? போர்டில் ஊரை மாற்றினார்கள். அடுப்பில் எதையும் மாற்றவில்லை. அதன் பிறகு கடை பிழைத்துக்கொண்டது.

ஆம்பூர்க்காரர் வந்ததுகூடப் பரவாயில்லை. ஓரத்து மேஜையில் அந்தத் தாடிக்காரர் உட்கார்ந்திருக்கிற நேரத்திலா வரவேண்டும்?

தாடிக்காரர் ஊர் ஊராகப் போய் 'போலி' சாப்பாட்டுக் கடைகளைப் பிடித்து வீடியோ போடுகிறவர். போன மாதம் ஏரிப் பக்கம் ஒரு மதுரைக் கறிதோசைக் கடையைப் பிடித்தார். ஊரே அந்த வீடியோவைப் பார்த்தது. மூன்று வாரத்தில் கடைக்குப் பூட்டு விழுந்தது. அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் இப்போது தாண்டிக்குடியில் காப்பிக்கொட்டை பறிக்கிறார்கள்.

தாடிக்காரர் உள்ளே நுழைந்தபோதே பர்சானாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தமீம் அரிசி எடுக்க வெள்ளனே மலையிறங்கிப் போயிருந்தான். சமாளிக்க அவள் ஒருத்திதான்.

நடுங்குகிற கையோடு பெரியவருக்கு இலை போட்டாள். பிரியாணியை வைத்து, பழக்கதோஷத்தில் பக்கத்தில் பருப்பும் கத்தரிக்காயும் போட்ட தால்ச்சாவை ஊற்றினாள்.

பெரியவர் இலையைப் பார்த்தார். "கத்தரிக்காய் இல்லையாம்மா?"

"தால்ச்சாக்குள்ளயே கெடக்கும், பாருங்க."

சொல்லி முடிப்பதற்குள் தாடிக்காரர் தலை நிமிர்ந்தது. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்குதானே, தால்ச்சா எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போனைத் தூக்கினார். சிவப்புப் புள்ளி எரிந்தது.

"அக்கா, நீங்க ஆம்பூர்ல எந்தத் தெரு?"

"பள்ளிவாசல் தெருங்க" என்றாள். அந்தப் பெயரில் தெரு இல்லாத ஊர் இருக்காது என்ற ஒரே தைரியம்தான். அந்தத் தைரியமும் குரலில் ஏறவில்லை.

தாடிக்காரர் விடுகிற ஆள் இல்லை. போனைப் பெரியவர் பக்கம் திருப்பினார். "ஐயா, நீங்களே ஆம்பூர். இது உங்க ஊர் பிரியாணியா இல்லையா? கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். பர்சானா கல்லாவைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷத்து உழைப்பு. ஒரு வாய்ச்சொல்லில் போய்விடும். தாண்டிக்குடி ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாகத் தானும் உட்கார்ந்து போவது கண்ணில் தெரிந்தது.

பெரியவர் அவசரப்படவில்லை. இன்னொரு வாய் எடுத்து மென்றார். ஒருமுறை பர்சானாவின் கையைப் பார்த்தார்.

"தம்பி, கத்தரிக்காயெல்லாம் கடைக்கு வர்றவங்களுக்கு வைக்கிறது. எங்க ஊர்ல வீட்டு விசேஷம்னா தால்ச்சாதான். அம்பது வருஷமா அந்த ஊர்ச் சோறு தின்னவன் சொல்றேன், இது அசல் ஆம்பூர்."

தாடிக்காரர் முகம் ஒரு நொடி தொங்கியது. அடுத்த நொடியே அவர் கேமராவைப் பார்த்து, யாருக்கும் தெரியாத விசேஷ வீட்டுப் பிரியாணியைத் தானே தேடிக் கண்டுபிடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போகும்போது இரண்டு பார்சல் வேறு கட்டச் சொன்னார்.

அவர் போகட்டும் என்று பர்சானா காத்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்த பெரியவரை ஓரமாக நிறுத்தினாள். நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கு மனசு உறுத்தியது.

"ஐயா, நான் ஆம்பூரைப் பார்த்ததே இல்லைங்க. எங்க அத்தா கன்னிவாடியில கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குறவரு. இது அவரு பக்குவம்."

"முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சும்மா. நல்லா இருந்துச்சு."

"தெரிஞ்சும் எதுக்குங்க எனக்காகப் பொய் சொன்னீங்க?"

 பெரியவர் தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலை இறக்கினார்.

"இலை போடும்போது உன் கை நடுங்குச்சு பாரு. அந்த நடுக்கம் எனக்கும் பழக்கம்மா. தினம் கடை திறக்கும்போது, இன்னிக்கு யார் வந்து கண்டுபிடிப்பாங்களோன்னு இருக்கும்."

சட்டைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். பர்சானா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'ஒரிஜினல் கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட். பஜார் தெரு, ஆம்பூர்.'

"இருபது வருஷமா விக்கிறேன்" என்றார் பெரியவர். "கொடைக்கானலை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறேன்."