இரண்டு குச்சிகள்

"ஸ்ட்ரைக்கு ஒரு மாசமாச்சு, கஞ்சியே குடிச்சா எப்படிடா? இன்னிக்கு என் செலவு."

கூலி உயரும்வரை உப்புப் பாத்தியில் எவனும் இறங்கக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிய சங்கத் தலைவன் கௌதமன், மரியதாசையும் மணிகண்டனையும் குயிலாப்பாளையத்துக் கொரிய ஹோட்டலுக்குக் கூட்டி வந்திருந்தான்.

மேஜை நடுவே கரியடுப்பில் கறி பொரிந்தது. இருவரும் பச்சை இலையில் கறியும் மிளகாய் விழுதும் வைத்துக் கையால் சுருட்டி விழுங்கினார்கள். கௌதமன் மட்டும் இரண்டு குச்சிகளோடு மல்லுக்கட்டினான்.

"கையால துன்னேன்டா," என்றான் மரியதாஸ்.

"இதான் இங்க ஸ்டைலு."

"வேலைக்குப் போகாததுல உப்புல வெடிச்ச கை ஆறிடுச்சு. காரம் எரியவே இல்ல பாரு." மரியதாஸ் பிரியமாக ஓர் இலையைச் சுருட்டி அவன் கையில் திணித்தான்.

விழுது பட்டதும் கௌதமன் துடித்துக் கையை உதறினான்.

மரியதாஸ் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினான். வெடிப்புகள் புதிதாக, ரத்தச் சிவப்பாக இருந்தன.

"யாரு பாத்தியில உப்பு வார்றீங்க, தலைவரே?"