முழுக்கட்டும் எனக்கே

கொழும்பு பஸ்ஸில் வந்த பத்திரிகைக் கட்டைக் கடைக்காரர் கனகரெத்தினம் இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்குள் பிரதேச சபைச் சேர்மன் மீராமுகைதீன் வந்து நின்றார்.

"முழுக்கட்டையும் தாங்க."

"அப்ப மத்த ஆக்களுக்கு, சேர்மன்?"

"அவங்க ரேடியோ கேக்கட்டும்."

சந்தைக் கிணறு நாறுகிறது என்று நிருபர் அஸ்கி போன கிழமை எழுதியதிலிருந்து, சேர்மனுக்குப் பள்ளிவாசலில்கூட நிம்மதி இல்லை. தேர்தலோ நெருங்கிவிட்டது. இன்று காலை கொழும்பிலிருந்து மருமகன் போன் எடுத்து, "மாமா, உங்கட பேர் கொட்டை எழுத்தில வந்திரிக்கி" என்றதோடு லைன் அறுந்துபோனது. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

வீட்டு முற்றத்தில் பத்திரிகைக் கட்டைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார். காற்றில் பறந்த ஒரு தாளை மனைவி சல்மா எட்டிப் பிடித்துப் படித்தாள்.

"இஞ்சப் பாருங்க, இது உங்கட மறுப்புத்தானே? கிணறு இறைச்சாச்சு, ஆரும் வந்து குடிச்சுப் பாக்கலாம் என்டு அஸ்கிக்கிட்டக் குடுத்தீங்களே. ஒரு எழுத்து மாறாமப் போட்டிரிக்கான்."

சேர்மன் வாளித் தண்ணீரோடு ஓடினார். சாம்பல்தான் நனைந்தது.

வேலிக்கு மேலால் அஸ்கி எட்டிப் பார்த்தான்.

"சேர்மன், அப்படி என்னதான் வந்திரிக்கி என்டு சந்தையே கேக்குது. நீங்க பேப்பர் எரிச்சதை நான் எழுதத்தான் வேணும். உங்கட பக்கத்தையும் சொல்லுங்க, அதையும் போடுவம்."