அட்சதை போட்ட யெஸ்டி

பதினேழாவது அரிசி செயின் கவருக்குள்ளிருந்து வந்தது. சியாமளா அதைப் புருவம் திருத்தும் ட்வீசரால் பிடித்துப் பக்கத்திலிருந்த டப்பா மூடியில் போட்டுவிட்டு, மறுபடியும் வண்டிக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டாள். கண்ணீரும் கிரீஸும் ஒரே கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தன.

வண்டி 1975 மாடல் யெஸ்டி மோட்டார் சைக்கிள். இடம், புனேவுக்குப் பக்கத்தில் தளேகாவில் ஒரு பேக்கிங் கிடங்கு. நாலு மணிக்குக் கன்டெய்னர் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் ஏற்றிவிட்டால் வண்டி ஆக்லாந்தில் இருக்கும் கணவன் பத்ரியிடம் போய்ச் சேரும். இப்போது மூன்றே கால்.

"மண்ணு இருக்கக் கூடாதுன்னீங்க. டூத் பிரஷ் வச்சு மூணு நாள் தேய்ச்சேன் பாய்" என்றாள் வண்டிக்கடியிலிருந்து.

"மண்ணு இல்லம்மா. ஏக்தம் சுத்தம்" என்றார் சூப்பர்வைசர் முகமது ரஃபீக். தாத்தா காலத்தில் வாணியம்பாடியிலிருந்து புனேவுக்கு வந்த குடும்பம். "இவ்ளோ சுத்தம் பண்ணிட்டு மேல அரிசிய எதுக்கும்மா போட்டீங்க?"

"காலையில பிள்ளையார் கோயில்ல பூஜை. விக்கினம் இல்லாம கப்பல் ஏறணும்னு குருக்கள் அட்சதை போட்டார்."

"எவ்ளோ?"

"ரெண்டு கை. நான்தான் இன்னும் ஒரு கை போடுங்கன்னேன்."

ரஃபீக் கண்ணை மூடித் திறந்தார். நியூசிலாந்து, செருப்பில் ஒட்டிய ஒற்றை விதையைக்கூட விசாரித்துவிட்டு உள்ளே விடும் நாடு. அங்கே அரிசி என்றால் விதை. வண்டிக்குப் போட்ட பூமாலையிலிருந்து உதிர்ந்த செண்டுமல்லி இதழ் விதையின் ஒன்றுவிட்ட தம்பி.

"ஒரு மணி அரிசி சிக்கினாலும் அங்க மொத்த கன்டெய்னரையும் நிறுத்திடுவான். உள்ள இன்னும் ஆறு குடும்பத்துச் சாமான் இருக்கு. மூணு வாரத்துல அடுத்தது போகுது, அதுல அனுப்பிக்கலாம்மா."

"மூணு வாரமா?" தலை வெளியே வந்தது. "நாளைக்குள்ள அவர் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடணும் பாய். மூணு வருஷ வேலை. வண்டி உள்ள ஏறி சீல் வச்ச போட்டோவைப் பார்த்தாத்தான் போடுவேங்கறார். இல்லைன்னா டிக்கெட் எடுத்து ஊருக்குக் கெளம்பிடுவார்."

"ஒரு வண்டிக்காகவா?"

"போன தடவை அவரை மஸ்கட்டுக்கு அனுப்பினேன். மூணே மாசம். வண்டியப் பார்க்காம சோறு எறங்கலைன்னு வாசல்ல வந்து நின்னார்."

ரஃபீக் பேக்கிங் லிஸ்ட்டைப் புரட்டினார். வண்டியோடு ஓர் அட்டைப் பெட்டியும் போகிறது. ஸ்வெட்டர் நாலு, ஒரு லிட்டர் குக்கர் ஒன்று, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று.

"உங்க சாமான் எதையும் காணோமே?"

"என்னுது கெடக்கட்டும் பாய். மொதல்ல அவரோடது போகணும்."

அந்தப் பதிலில் ரஃபீக் பாதி கரைந்தார். மீதியைச் சியாமளா கரைத்தாள். ஹேண்ட்பேகிலிருந்து ஸ்பேனரை எடுத்துச் செயின் கவரின் போல்ட்டுகளைத் தானே கழற்ற ஆரம்பித்தாள். வளையல் இடித்தது, கழற்றிப் போட்டாள். விரல் கிழிந்தது, அதை வாயில் வைத்துக்கொண்டு இடது கையால் திருகினாள்.

மூன்று இருபத்தைந்து. மூடியில் முப்பத்தோரு அரிசி. சீட்டைத் தூக்கினால் அதற்கடியில் ஒரு பிடி.

"உங்க குருக்கள் வண்டிக்குக் கல்யாணமே பண்ணி வச்சுட்டார் போலிருக்கே!" என்றார் ரஃபீக்.

சியாமளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முடியல பாய். இதுக்காகப் பதினாறு திங்கட்கிழமை விரதம் இருந்தேன். இது போகலைன்னா என் வாழ்க்கையே போச்சு."

"எந்திரிங்கம்மா." ரஃபீக் சட்டைக் கையை மடித்தார். மூலையில் கிடந்த ஏர் கம்ப்ரசரை உருட்டிவந்து, வண்டியின் இடுக்கு இடுக்காகக் காற்றை அடித்தார். யெஸ்டி அரிசி துப்பியது. சியாமளா பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பெருக்கி அள்ளினாள்.

மூன்று ஐம்பதுக்கு ரஃபீக் டார்ச்சோடு குப்புறப் படுத்துக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். சைலன்சர் வாயைக்கூட விடவில்லை. அங்கேயும் ஒன்று இருந்தது.

அதையும் எடுத்துவிட்டு, "பாஸ்" என்றார்.

வண்டியை மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தார்கள். பெட்டி உள்ளே போனது, கதவைச் சாத்தினார்கள், சீல் விழுந்தது. சியாமளா போட்டோ எடுத்து அனுப்பினாள். பத்ரி தூங்காமல் காத்திருந்திருக்க வேண்டும். நாலாவது நிமிஷம், கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது.

அதைப் பார்த்ததும் அவள் வாய்விட்டு அழுதாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பயந்து இன்ஜினை நிறுத்தினார்.

ரஃபீக் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அழாதீங்கம்மா. எங்க வீட்ல ஜொஹ்ரா இருக்காளே, நான் குளிக்கப் போன நேரத்துல என் ஸ்கூட்டரப் பழைய இரும்புக்குப் போட்டவ. புருஷன் மேல இவ்ளோ உசுரா இருக்கற ஒருத்தர நான் பார்த்ததே இல்ல. அடுத்த கன்டெய்னர்ல உங்க சாமானையும் நானே நின்னு ஏத்தித் தர்றேன். நீங்க எப்பம்மா கெளம்புறீங்க?"

சியாமளா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் போகல பாய். அவர் திரும்பி வராம இருந்தாப் போதும்."