பத்தாவது படம்

வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது. படம் எடுக்கலாமா என்று உமையாளுக்குத் தெரியவில்லை. விற்பதற்காக அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, பின்னால் வெள்ளைப் போர்வையைக் கட்டி, எட்டுப் படம் எடுத்துவிட்டாள். மனம் கேட்கவில்லை. பேர் வைக்கும் நாளில் பிள்ளைக்கு முன்னால் கிடத்துவதுபோல், அம்மிக் குழவியைக் கழுவித் துண்டில் சுற்றி உள்ளே கிடத்தினாள்.

"கல்லையும் சேர்த்தா விக்கிறே?" என்று சிரித்தான் கணவன் வைரவன்.

ஒன்பதாவது படத்துக்காக லேசாக ஆட்டியபோது கிறீச்சென்றது. தொட்டில் சட்டத்தில் சங்கிலியைத் தாங்கிய கொக்கி, கல்லின் கனத்துக்குச் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு வாய் திறந்திருந்தது.

"முன்பக்கத்துலேருந்து எடுத்தா அது தெரியாது. விக்கிற குரூப்ல போட்டுடு" என்றான் வைரவன்.

போட்டாள். கால் மணி நேரத்தில் ஒருத்தியிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குப் பேர் வைக்கிறோம். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

உமையாள் சாமி விளக்கில் எண்ணெய் இருக்கும்போதே மறுபடி ஊற்றினாள். கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

"கொக்கிதானே? அவங்க மாத்திக்க மாட்டாங்களா?"

"தெரிஞ்சாத்தானே மாத்துவாங்க."

கொக்கியின் வாயில் சுண்டுவிரலை வைத்துப் பத்தாவது படத்தை எடுத்து அவளுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. அந்தப் பெண் எதையோ எழுதத் தொடங்கி நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள்.

உமையாள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள், தொட்டிலுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தபடி.