நெஞ்சுப் படம்

"இன்னாடி காசம்மா, உன் புருசன் ஆண்டை வண்டியில குந்திக்கினு போறான்!"

பாகூர் கிராமமே வாயைப் பிளந்தது. பண்ணையாளை வாசற்படி ஏற விடாத ஆண்டை சுப்பராயலுவா இப்படி?

முந்தின நாள் கரும்பு வெட்டும்போது, கிழவன் இருசப்பன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். விடிந்ததும் சுப்பராயலுவே அவனை வண்டியில் ஏற்றினார். நெஞ்சு துடிப்பதைக் கோடு கோடாகப் படம் பிடிக்கும் மின்சாரக் கருவி ஒன்று, பிரான்சிலிருந்து கப்பலில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது.

"கரண்டு உடம்புல பாஞ்சிடாதுங்களா, ஆண்டே?" காசம்மாள் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கூடவே இருக்கேன், போ."

வண்டி போன திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "என் தாலியக் காப்பாத்த வந்த சாமி!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் மரியதாஸ், உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை இருசப்பனின் கைகளிலும் காலிலும் சுற்றி, கம்பிகளை மாட்டினார். சுப்பராயலு அவன் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"டேய், சுடுதாடா?"

"இல்ல ஆண்டே. சில்லுன்னு இருக்குது."

"இழுக்குதா? மயக்கம் வருதா?"

"ஒண்ணுமில்ல ஆண்டே."

பெற்ற பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. இருசப்பன் கம்பி மாட்டிய கைகளைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தான்.

படத்தைக் கழுவி எடுத்து வந்த டாக்டர், அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதோ பாருங்க. எழும்பி நிக்க வேண்டிய மேடு கவிழ்ந்து கிடக்குது. நடுநடுவே துடிப்பும் தப்புது. இந்த வயசுல ரெண்டுமே கெட்ட குறி. இனிமே இவர் வெட்டுக்கத்தி எடுத்தா, வயல்லயே உயிர் போயிடும்."

சுப்பராயலுவின் நெற்றி வியர்த்தது.

"எனக்காகக் கலங்காதீங்க ஆண்டே" என்றான் இருசப்பன்.

"இவர் வேலையை நிறுத்திடுவீங்க இல்ல?" டாக்டர் கேட்டார்.

"கரும்பு வெட்டு முடியட்டும், பார்ப்போம்." சுப்பராயலு டாக்டரின் பக்கம் நகர்ந்தார். "அது கிடக்கட்டும். இந்தக் கரண்டால அவனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஆகாது. ஏன் கேக்கறீங்க?"

சுப்பராயலு சட்டையைக் கழற்றினார். கட்டிலில் வேறு துணி விரிக்கச் சொல்லி, ஏறிப் படுத்தார்.

"எனக்கும் கொஞ்ச நாளா நெஞ்சு அடைக்குதுங்க. எவனுக்காவது வச்சுப் பார்க்காம, நான் எப்படிப் படுக்கிறது?"