லண்டன் போய் வந்த நத்தை

பயணப்பெட்டியின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு லண்டன் போய்வந்த நத்தை, மீனம்பாக்கம் விமான நிலையத் தோட்டத்தில் ஜம்பமாக இறங்கியது. நாலடி தள்ளி ஒரே ஒரு கீரைச்செடி நின்றது.

"வாண்ணே, வெயில் ஏறுறதுக்குள்ள சாப்பிட்டுடலாம்" என்றது தம்பி நத்தை.

"நீ ஊர்ந்து போடா. எட்டாயிரம் கிலோமீட்டரைப் பத்தே மணி நேரத்துல தாண்டினவன் நான். நாலடியெல்லாம் எனக்கு ஒரு தூரமா?"

தம்பி செடியை நோக்கி ஊர்ந்தது. அண்ணனோ எதிர்ப்பட்ட எறும்பையெல்லாம் நிறுத்தி லண்டன் குளிரைப் பற்றி அளந்தது. அது செடியை அடைந்தபோது உச்சிவெயில், காம்புதான் மிச்சம்.

தம்பி ஏப்பம் விட்டபடி கேட்டது: "ஏண்ணே இவ்வளவு நேரம்?"

அண்ணன் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது.

"நான் இன்னும் லண்டன் டைம்லதான்டா இருக்கேன். அங்க இப்பதான் டிபன் நேரம்."