ஃபெயிலாகப் போனவர்

“இன்னைக்காவது ஃபெயிலாகிட்டு வாங்க,” என்று சொல்லித்தான் மிக்கேலம்மாள் கணவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தாள்.

சவரிமுத்துவுக்கு எழுபத்தொரு வயது. உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிறார். ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு முந்நூற்றுக்குக் கீழே இறங்கினால்தான் பணி ஓய்வு என்று சட்டம் வந்த பிறகு, வயதை யாரும் கேட்பதில்லை. அது இறங்காமலிருக்க உப்பளத்திலேயே மாதம் ஓர் ஊசி போட்டுவிடுகிறார்கள். ஊசியால் தோளுக்குத் தெம்பு வந்தது, மனிதருக்குத்தான் அலுத்துவிட்டது. தூக்கம் கெட்டால் அளவு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு வாரமாக அவர் சரியாகக் கண்மூடவில்லை.

“தாத்தா, இருநூத்தித் தொண்ணூத்தொண்ணுதான் இருக்கு,” என்றாள் நர்ஸ், தயங்கித் தயங்கி.

“மாதாவே!” என்று கும்பிட்டார் சவரிமுத்து. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

“ஐயோ, அழாதீங்க. வேலை போயிருமேன்னு எங்கப்பாவும் இப்படித்தான் அழுதாரு.” அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் திரையில் ஏதோ தட்டினாள். “முந்நூத்தி ஒம்பதுன்னு போட்டு அனுப்பிட்டேன். இனி ரெண்டு வருஷத்துக்கு உங்களை யாரும் அசைக்க முடியாது.”

மாற்றச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அவள் பொய்யாகப் போட்டது தெரிந்து அவள் வேலை போய்விடும்.

“நல்லா இரு தாயி,” என்று எழுந்தார்.

வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு உப்பளத்து பஸ்ஸில் ஏறினார். மிக்கேலம்மாளிடம் போய்ச் சொல்வதைவிட மூட்டை தூக்குவது லேசு என்று பட்டது.